54 நாள் சம்பளம்: ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கொரோனா கணக்கு

கொரோனா காலத்தில் வந்த அவசர உத்தரவுகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ காலாவதியாகிவிட்டன. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டமும், 1948-ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டமும், கம்பெனி ஆபீஸில் இருக்கும் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடும் அப்படியே இருந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்க முதலாளிகளும் தொழிலாளர்களும் அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: பூட்டிக் கிடந்த நாளுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? எல்லோரும் பதிலைப் புது உத்தரவுகளில் தேடினார்கள். பதிலில் பெரும்பகுதி பழைய சட்டத்திலேயே இருந்தது என்பதுதான் இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது.

இதில் வரும் கம்பெனி ஒரே ஒரு கம்பெனி அல்ல. இந்தப் பக்கத்துத் தோல் தொழிலில் அந்த இரண்டு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நடந்தவற்றைச் சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். ஆள் எண்ணிக்கையும் சம்பளமும் கணக்கு விளங்குவதற்காக வைத்த எண்கள். சட்டப் பிரிவு, உத்தரவு, தீர்ப்பு எல்லாம் அன்றைக்கு உள்ளபடி.

கம்பெனியும் ஆட்களும்

ஆம்பூரை ஒட்டி, ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து அனுப்பும் யூனிட் அது. கட்டிங், ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), ஃபோல்டிங் (ஓரத்தை மடிப்பது), ஸ்டிச்சிங் என்று நான்கு பிரிவு. மஸ்டரில் 92 பேர். அதற்கு வெளியே காண்ட்ராக்டர் ஒருவரின் பெயரில் 24 பெண்கள், பீஸ் ரேட்டில் ஃபோல்டிங் வேலை. மொத்தத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். துத்திப்பட்டு, மின்னூர், மாதனூர், பேர்ணாம்பட்டு பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள்.

2020 மார்ச் தொடக்கத்திலேயே ஐரோப்பிய பையர்கள் (ஷூ வாங்கும் கம்பெனிகள்) சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கம்பெனி பூட்டப்பட்டது.

அந்த வாரத்தில் கம்பெனி செய்த மூன்று காரியங்கள்தான் பிறகு வந்த எல்லாத் தகராறுக்கும் வேர். ஒன்று, மார்ச் சம்பளத்தை 24-ஆம் தேதி வரை மட்டும் கணக்குப் போட்டு ஏப்ரல் 7-க்குள் கொடுத்தது. இரண்டு, ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆளுக்கு 3,000 ரூபாய் கொடுத்து, வவுச்சரில் ‘அட்வான்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியது. மூன்றாவதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. மார்ச் 25 முதல் மஸ்டரில் எல்லோர் பெயருக்கு நேரேயும் டைம் ஆபீஸ் குமாஸ்தா ஆப்சென்ட் போட்டுக்கொண்டே போனார். வாசலில் பூட்டுத் தொங்கியது, ஆனால் ஏட்டில் 92 பேரும் வேலைக்கு வராதவர்கள்.

மார்ச் 29 உத்தரவு

மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29 அன்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்கால் மூடிக் கிடக்கும் காலத்துக்கு எல்லா முதலாளிகளும் தொழிலாளர்களுக்குப் பிடித்தம் இல்லாமல், உரிய தேதியில் சம்பளம் தர வேண்டும் என்றது அது. மே 17 அன்று வந்த அடுத்த உத்தரவில் இது நீட்டிக்கப்படவில்லை. மே 18 முதல் செல்லாமல் போனது. மார்ச் 25 முதல் மே 17 வரை எண்ணினால் 54 நாள். சண்டை முழுக்க இந்த 54 நாளைப் பற்றித்தான்.

உத்தரவை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஃபிகஸ் பாக்ஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2020 ஜூன் 12 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், சஞ்சய் கிஷன் கவுல், எம்.ஆர். ஷா அமர்வு இடைக்கால உத்தரவு தந்தது. முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது. 50 நாளுக்கோ, அந்தக் கம்பெனிக்குப் பொருந்தும் வேறு காலத்துக்கோ உரிய சம்பளத்தை இரு தரப்பும் பேசி முடிக்கலாம். முடியாவிட்டால் தொழிலாளர் துறையிடம் சமரசத்துக்குப் போகலாம். வேலை செய்ய விரும்பி வருகிறவர்களை, சம்பளத் தகராறைக் காரணம் காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 29 உத்தரவு சட்டப்படி செல்லுமா என்ற கேள்விக்கு அந்த ஜூன் உத்தரவில் விடை இல்லை. ஆனால் ஆம்பூரில் அது இரண்டு விதமாகப் பரவியது. முதலாளிகள் பக்கம் ‘சுப்ரீம் கோர்ட்டே சம்பளம் தர வேண்டாம்னு சொல்லிடுச்சு’ என்றார்கள். தொழிலாளர்கள் பக்கம் ‘50 நாள் சம்பளம் தரச் சொல்லிட்டாங்க’ என்றார்கள். இரண்டுமே தவறு. நீதிமன்றம் இரண்டு பேரையும் உட்கார்ந்து பேசச் சொன்னது, அவ்வளவுதான். அப்படிப் பேச உட்காரும்போது எந்தக் கணக்கை வைத்துப் பேசுவது? இங்கேதான் பழைய சட்டம் வருகிறது.

லே-ஆஃப் என்ற கணக்கு

நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர், இவற்றோடு தொடர்புள்ள வேறு காரணம் ஆகியவற்றால் முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால் அது லே-ஆஃப். தொழில் தகராறுகள் சட்டத்தின் 2-ஆவது பிரிவிலேயே இந்த விளக்கம் இருந்தது. ஆள் வேலையில்தான் இருக்கிறார், வேலைதான் இல்லை. 25-சி பிரிவின்படி ஒரு வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்தவருக்கு, வார விடுமுறை நீங்கலாக, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தர வேண்டும். முந்தைய மாதம் வேலை நாளொன்றுக்குச் சராசரியாக 50 பேராவது இருந்த கம்பெனிக்கு இது பொருந்தும். ஒப்பந்தம் இருந்தால் 12 மாதத்தில் 45 நாளோடு இந்தக் கடமையை நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது 54 நாளைப் பிரித்துப் பாருங்கள். மார்ச் 25-லிருந்து மே 17 வரை ஞாயிற்றுக்கிழமை எட்டு. மிச்சம் 46. அதில் மே 1, தமிழ்நாட்டுச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய கட்டாய விடுமுறை. அன்றைக்குப் பாதி அல்ல, முழுச் சம்பளம். அதையும் எடுத்தால் சரியாக 45 நாள். பண்டிகை விடுமுறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 9,000 வாங்கும் ஒரு ஸ்டிச்சிங் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு 346 ரூபாய். 45 நாளுக்குப் பாதி 7,788. மே தினத்துக்கு 346. மொத்தம் 8,134. கம்பெனி கொடுத்தது இரண்டு தவணையில் 6,000. மார்ச் 29 உத்தரவை முழுசாக ஒதுக்கி வைத்தாலும், முதலாளிக்கு மிகச் சாதகமான கணக்கிலேயே ஆளுக்கு 2,134 ரூபாய் பாக்கி நிற்கிறது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும்தான் ‘வேலை இல்லை, கூலி இல்லை’ என்ற பேச்சு நின்றது. அந்த வாசகத்தை இங்கே நிறைய முதலாளிகள் சட்டம் என்றே நம்புகிறார்கள். தொழிலாளி வேலை செய்ய மறுத்தால் பொருந்தும் வாதம் அது. வேலை கொடுக்க முடியாத முதலாளிக்கு அது பொருந்தாது.

கம்பெனி இன்னொரு வாதமும் வைத்தது. லே-ஆஃப் பணம் வேண்டுமென்றால் தொழிலாளி தினம் ஒரு முறையாவது வேலை நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும் என்று 25-இ பிரிவு சொல்கிறது, யாரும் வரவில்லையே என்றார்கள். பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வீட்டை விட்டு வந்தால் போலீஸ் வண்டியைப் பிடுங்கிய நாட்கள் அவை. செய்ய முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று சட்டம் யாரையும் தண்டிக்காது. என் கருத்தில் இது நிற்கும் வாதமே அல்ல. சமரசப் பேச்சில் கம்பெனியும் இதை அழுத்தவில்லை.

92-ஆ, 116-ஆ?

தொழிலாளர் சங்கத்தின் கையில் இருந்த பலமான ஆயுதம் வேறு. 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, அரசிடம் முன் அனுமதி வாங்காமல் லே-ஆஃப் செய்யக் கூடாது என்றது 25-எம் பிரிவு. மின்தட்டுப்பாடும் இயற்கைப் பேரிடரும் மட்டும் விலக்கு. அனுமதி இல்லாத லே-ஆஃப் சட்டவிரோதம். ஆட்களுக்கு முழுச் சம்பளமும் சேர வேண்டும்.

மஸ்டரில் 92 தான், நாங்கள் 100-க்குக் கீழ் என்றது கம்பெனி. அந்த 24 பெண்களும் உங்கள் ஆட்கள்தான், அப்போது 116 என்றது சங்கம். ஆதாரத்தை மேசையில் பரப்பினார்கள். அடையாள அட்டை கம்பெனி பெயரில். உட்காருவது அதே கன்வேயரில். வேலை சொல்வது கம்பெனி சூப்பர்வைசர். காண்ட்ராக்டர் மாதம் ஒரு நாள் வந்து பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர். ஊரடங்கு தொடங்கியதும் அவர் போனையே எடுக்கவில்லை. காண்ட்ராக்ட் வெறும் பெயருக்குத்தான் என்று நீதிமன்றம் கருதினால் 24 பேரும் நேரடித் தொழிலாளர்கள். அப்படிக் கருதாவிட்டாலும், காண்ட்ராக்டர் தர வேண்டிய கூலியைத் தராவிட்டால் முதன்மை முதலாளியே, அதாவது வேலை வாங்கும் கம்பெனியே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21-ஆவது பிரிவில் சொல்லிவிட்டது.

சரி, கொரோனா இயற்கைப் பேரிடர் தானே, அனுமதியே தேவையில்லையே என்றது கம்பெனி. மே 17 வரைக்கும் அந்த வாதத்தில் ஓரளவு பலம் உண்டு. அதற்குப் பிறகு? அரசு திறக்கச் சொல்லிவிட்டது. ஆர்டர் இல்லை என்பதால்தான் கம்பெனி பாதி ஆட்களை வீட்டில் உட்கார வைத்தது. பையர் சரக்கை வேண்டாம் என்று சொன்னதைப் பேரிடர் கணக்கில் எழுத முடியாது. இதில் சங்கம் சொன்னதே சரி என்று நான் நினைக்கிறேன். கம்பெனியைப் பேச்சுவார்த்தை மேசையில் உண்மையாக உட்கார வைத்தது உச்ச நீதிமன்ற உத்தரவு அல்ல, இந்த 24 பேர் தான்.

மாவட்டம் மாறிப்போன ஊர்

மே மாதம் கதவைத் திறந்ததும் இன்னொரு சிக்கல். அது இந்தப் பக்கத்துக்கே உரியது. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, பேர்ணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. நேற்று வரைக்கும் பக்கத்து ஊர். ஊரடங்கு வந்தபோது வேறு மாவட்டம். மாவட்டம் தாண்ட இ-பாஸ். பஸ் இல்லை. கம்பெனி வேனில் பாதிப் பேரைத்தான் ஏற்றலாம். மாநிலத்துக்குள் மாவட்டம் தாண்டும் இ-பாஸ் முறை பெரும்பாலும் போனது செப்டம்பர் 1-ல்தான்.

பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஆறு பெண்கள் பத்து நாளுக்கு மேல் வரவில்லை. கம்பெனி ஒரு கடிதம்கூட அனுப்பாமல், வேலையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பெயரை நீக்கியது. அவர்களில் ஒருவர் ஜூன் மாதம் எப்படியோ வந்து கேட்டில் நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது. ‘ஏம்மா, நீதான் வரலையே, உன் பேரை எடுத்துட்டாங்க’ என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். ‘வேன் வரலை சார், நான் எப்படி வர்றது?’ என்று அந்தப் பெண் கேட்ட கேள்விதான் பிறகு சங்கத்தின் மனுவில் முதல் வரியாக வந்தது.

இத்தனை நாள் வராவிட்டால் வேலை போகும் என்று கம்பெனியின் நிலையாணையே (எழுதி வைத்த வேலை விதிகள்) சொன்னாலும், காரணம் கேட்காமல், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பெயரை நீக்கக் கூடாது என்று டி.கே. யாதவ் வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொரோனாவுக்கு 27 வருடம் முன்னால் வந்த தீர்ப்பு. மேனேஜர் அந்த ஆறு பேருக்கும் ஒரு போன் செய்திருந்தால் போதும். அவர்கள் நம்பர் எல்லாம் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இருந்தது.

சமரசம் நடக்கும்போதே ரேட் குறைப்பு

ஜூன் கடைசியில் வேலூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசம் தொடங்கியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே ஜூலையில் ஃபோல்டிங் பீஸ் ரேட்டைக் குறைத்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரண்டு வகையில் தப்பு. கூலியை மாற்ற, தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவின்படி 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசம் நிலுவையில் இருக்கும்போது, தகராறோடு தொடர்புள்ள வேலை நிபந்தனையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற 33-ஆவது பிரிவின்படி அந்த அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மறுநாள் தாளைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் அதோடு பேச்சில் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. அடுத்த இரண்டு அமர்வில் யாரும் யாரையும் நம்பத் தயாராக இல்லை.

அந்த நேரத்தில் வேறு மாநிலங்களில் 12 மணி நேர வேலை பற்றிய பேச்சு அடிபட்டது. இந்தக் கம்பெனியிலும், ஆர்டர் திரும்ப வரும்போது 12 மணி நேரம் ஓட்டி, ஓவர்டைமுக்குச் சாதாரண ரேட்டே கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. குஜராத் அரசு அப்படித்தான் அறிவிக்கை போட்டிருந்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 5-ஆவது பிரிவு போர், வெளித் தாக்குதல், உள்நாட்டுக் கலவரம் போல நாட்டின் பாதுகாப்பையே அச்சுறுத்தும் நெருக்கடிக்கானது. பெருந்தொற்றால் வந்த பொருளாதார முடக்கம் அந்த வகை அல்ல என்றது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்ற 59-ஆவது பிரிவு அப்படியே நின்றது. யோசனை அதோடு முடிந்தது.

ஒப்பந்தம்

செப்டம்பரில் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமரச அதிகாரி முன்னால் போடும் இந்த வகை ஒப்பந்தம், சங்கத்தில் இல்லாதவர் உட்பட எல்லாத் தொழிலாளரையும் கட்டும் என்பது இதன் பலம்.

45 நாளுக்கு 65 சதவீதம், மே தினத்துக்கு முழுச் சம்பளம். 9,000 ரூபாய் ஆளுக்கு மொத்தம் சுமார் 10,470. ஏற்கெனவே கொடுத்த 6,000 அட்வான்ஸ் அல்ல, சம்பளம் என்று எழுதிக் கழித்துக்கொண்டார்கள். மிச்சம் 4,470 தீபாவளிக்கு முன் இரண்டு தவணையில். மே 18-க்குப் பிறகு ஆர்டர் குறைவாக இருக்கும் வரை ஆட்கள் முறை வைத்து வாரத்தில் பாதி நாள் வேலை. வேலை இல்லாத நாளுக்கு 50 சதவீதம். 24 காண்ட்ராக்ட் பெண்களுக்கும் அதே விகிதத்தில் பணம், ஆனால் அவர்கள் யார் ஆள் என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள். நீக்கப்பட்ட ஆறு பேரும் பழைய சர்வீஸோடு திரும்ப வந்தார்கள்.

பணத்தைவிட முக்கியம் என்று நான் நினைப்பது ஒப்பந்தத்தின் ஆறாவது வரி. மார்ச் 25 முதல் மஸ்டரில் ஆப்சென்ட் என்று போட்டதையெல்லாம் லே-ஆஃப் என்று திருத்த வேண்டும் என்கிறது அது. கையெழுத்துப் போடும்போது இரு தரப்பிலும் பலர் இதை ஒரு சம்பிரதாயமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் லே-ஆஃப் நாள், போனஸ் சட்டப்படி வேலை செய்த நாளாகவே கணக்கில் வரும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) சர்வீஸின் தொடர்ச்சி அறுபடாது. ஆண்டு விடுமுறைக்கான 240 நாள் கணக்கிலும் சேரும், அந்த நாட்களுக்கு விடுமுறை சேராது என்பது தவிர. ஆப்சென்ட் என்று விட்டிருந்தால் இவை அத்தனையிலும் ஓட்டை விழுந்திருக்கும். பத்து வருடம் கழித்து கிராஜுவிட்டி கேட்டு வரும்போது அந்தப் பெண் 2020-ஐ நினைவு வைத்திருந்து வாதாட முடியாது. ஏடு சொல்வதுதான் கணக்கு.

ஈஎஸ்ஐ: ஒரு வருடம் கழித்து வந்த பலன்

அந்த ஆறாவது வரியின் அருமை 2021-ல்தான் முழுசாகத் தெரிந்தது.

ஈஎஸ்ஐயில் நோய்க்கால உதவி, சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. ஆனால் ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை பலன். இதைக் கொரோனா காலண்டரோடு வைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை அடித்தபோது படுத்தவருக்கு உதவி கிடைப்பது, 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவைப் பொறுத்தது. அதாவது ஊரடங்கும் அரைகுறை வேலையுமாகப் போன அதே ஆறு மாதம். பாதி நாள் மட்டும் வேலை செய்தவருக்கு 78 நாள் தேறாது. இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் ஈஎஸ்ஐ கழகம் அந்த அரையாண்டுக்கு மட்டும் 78 நாளைப் பாதியாக, 39 நாளாகத் தளர்த்தியது. நல்ல காரியம். ஆனால் 39 நாள்கூட இல்லாதவர்கள் எத்தனையோ யூனிட்களில் இருந்தார்கள்.

இந்தக் கம்பெனி ஆட்களுக்கு அந்தத் தளர்வே தேவைப்படவில்லை. ஈஎஸ்ஐ சட்டத்தில் ‘சம்பளம்’ என்பதற்கான விளக்கத்தில் லே-ஆஃப் காலத்தில் கொடுக்கும் பணமும் சேரும். அதற்கும் சந்தா உண்டு: முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். லே-ஆஃப் என்று எழுதி, பணம் கொடுத்து, சந்தா கட்டியதால் 78 நாள் தாண்டிவிட்டது. ‘அட்வான்ஸ்’ வவுச்சர் அப்படியே நின்றிருந்தால் அந்த 6,000-க்குச் சந்தா இல்லை, அந்த நாட்களும் கணக்கில் இல்லை.

2021 ஏப்ரலில் ஸ்டிச்சிங் பிரிவில் ஒரு அம்மாவுக்குப் பாசிட்டிவ் வந்தது. சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். எல்லோரையும் எச்சரிக்கத்தான் போட்டேன் என்றார். அன்றைக்கு இரவே அது ஊருக்குப் போய், அந்த அம்மா வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர்கூட வரவில்லை. இரண்டு வாரம் அந்தக் குடும்பம் பட்ட பாடு சொல்லி மாளாது. அவரிடம் நெருங்கி வேலை செய்தவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி, பரிசோதனைக்கு அனுப்புவதுதான் முறை. பெயரை ஊருக்குச் சொல்வது எந்த வழிகாட்டலிலும் இல்லை. மேனேஜருக்குப் பயம், முழுக் கம்பெனியையும் மூடப் பார்த்தார். அதுவும் தேவையில்லை. ஒன்றிரண்டு பேருக்கு வந்தால், கடந்த 48 மணி நேரத்தில் அவர்கள் புழங்கிய இடத்தைக் கிருமிநீக்கம் செய்தால் போதும், கட்டடம் முழுவதையும் மூட வேண்டியதில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 18 அன்றே சொல்லியிருந்தது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கம்பெனி ஒரு பக்கத்தில் விதி எழுதியது. உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நம்பர். குரூப்பில் யார் பெயரும் வரக் கூடாது. ஈஎஸ்ஐ டாக்டர் சீட்டு வாங்கி வந்தால் கேள்வி இல்லை. நோய்க்கால உதவி வாங்கும் நாட்களில் ஆளை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று ஈஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொன்னதைப் பெரிய எழுத்தில் டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அந்த அம்மாவுக்கு 70 சதவீதப் பணம் வந்தது. திரும்ப அதே மெஷினில் உட்கார்ந்தார்.

தடுப்பூசியில் கம்பெனி முதலில் மிரட்டலில்தான் இறங்கியது: போடாதவருக்கு வேன் இல்லை என்று. இரண்டு நாளில் விட்டுவிட்டு, ஊசி போட்ட மறுநாள் சம்பளத்தோடு லீவு என்று மாற்றினார்கள். கூட்டம் தானாக வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே கம்பெனி சரியான பக்கத்தில் வந்து நின்றது நல்லதாகப் போயிற்று.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1947 சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு. லே-ஆஃபுக்கு 50 சதவீதம், 50 பேர் வரம்பு, 45 நாள் எல்லாம் அப்படியே தொடர்கின்றன. மாறியது முன் அனுமதி வரம்பு: 100 பேர் என்பது 300 ஆகிவிட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து நடுத்தர யூனிட்களில் நிறைய இப்போது அந்த வரம்புக்குக் கீழ். 92-ஆ 116-ஆ என்ற வாதத்தால் சங்கம் அன்றைக்கு வாங்கிய பலம் இன்றைக்கு அந்த வழியில் கிடைக்காது. இது தொழிலாளிக்கு இழப்பு என்றே நான் பார்க்கிறேன்.

அதே நேரம் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். அந்த 24 ஃபோல்டிங் பெண்களில் ஒருவரிடம்கூட அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. இப்போது வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். முதலாளி யார், சேர்ந்த தேதி என்ன, சம்பளம் எவ்வளவு என்பதைப் படித்துப் பார்த்து, அதன் நகலை வீட்டில் வையுங்கள்.